பத்துக் கட்டையில் அஞ்சு, அதனால் என் பையனுக்கு 50 சதவீத ஞாபகமாம்!

ரெண்டுபசங்கஅம்மா:
எரிச்சல்ல எழுதறேன். பெரியவனுக்குப் பதினொரு வயசு. ஒரு 'மூளைத்திறன்' வகுப்புல இலவசச் சோதனைன்னு கூப்பிட்டாங்க. பலகை மேல சின்னச் சின்னக் கட்டைங்க ஒட்டியிருக்கு. அங்க இருந்த பொண்ணு விரலால ஒவ்வொண்ணா தொட்டுக் காட்டுது, இவன் அதே வரிசையில திரும்பத் தொடணும். ரெண்டுல ஆரம்பிச்சு அஞ்சு வரைக்கும் தப்பில்லாம வந்தான். ஆறு கட்டை காட்டினப்ப நாலு தொட்டுட்டு விரல் அந்தரத்துல நின்னுடுச்சு. என் மூஞ்சியப் பாக்கறான். கையில குடுத்த ரிப்போர்ட்: "10 கட்டை, 5 சரி. இட நினைவு (ஒர்க்கிங் மெமரி) 50%. உடனடிப் பயிற்சி தேவை." பீஸ் பதினெட்டாயிரம். இது என்ன கணக்குங்க?

தாமிரபரணி:
ஏம்மா, அந்த ரிப்போர்ட்டுல முதல் எண்ணே தப்பு. இது கோர்ஸி கட்டைச் சோதனை. பிலிப் கோர்ஸி 1972ல மாண்ட்ரியல் மெக்கில் பல்கலைக்கழகத்துல சமர்ப்பிச்ச ஆய்வேட்டுல வந்தது. வழிகாட்டி பிரெண்டா மில்னர். நொடிக்கு ஒரு கட்டை தொடணும். எண் எல்லாம் சோதிக்கிறவர் பக்கம் மட்டும் எழுதியிருக்கும், பிள்ளைக்குத் தெரியாது. கட்டை ஒன்பது. பத்து இல்ல. கட்டைய எண்ணத் தெரியாதவங்க மூளைய அளக்க வந்துட்டாங்க.

கரிசல்காடு:
அண்ணாச்சி, எட்டு வருஷம் கிளினிக்ல இந்தச் சோதனை எடுத்த கை இது. நான் தொட்ட பலகையில பத்துக் கட்டை. வெள்ளைப் பலகை, நீலக் கட்டை. அந்தப் பொண்ண ஏன் திட்டுறீங்க?

தாமிரபரணி:
அப்ப நீங்க தொட்டது கோர்ஸி இல்ல தம்பி.

கரிசல்காடு:
வெக்ஸ்லர் நினைவு அளவை, மூணாம் பதிப்பு, 1997. அதுல பத்து. கோர்ஸி வழியில வந்ததுதான் அதுவும்.

தாமிரபரணி:
ஒரே மாவுதான், அதுக்காக தோசைய இட்லின்னு சொல்ல முடியுமா? கோர்ஸின்னா ஒன்பது.

உளவியல்மூணாம்வருஷம்:
ஒரு நிமிஷம். அதே வரிசையில திரும்பத் தொடுறத ஒர்க்கிங் மெமரின்னே சொல்லலாமாங்கறதுதான் முதல் கேள்வி. அது குறுகிய கால நினைவுன்னு சொல்றவங்க நிறைய. மனசுல வச்சுக்கிட்டே அதை வச்சு ஒரு வேலை செய்யணும், அப்பதான் ஒர்க்கிங் மெமரி. கேன்டாப்னு கம்ப்யூட்டர்ல செய்யற சோதனைத் தொகுப்பு இருக்கு, அதுல பெட்டிகளைத் திறந்து வில்லை தேடற சோதனை அந்த மாதிரி. வில்லை கிடைச்ச பெட்டிக்குத் திரும்பப் போனா தப்பு. அதுல ஒரு ஒழுங்கு வச்சுத் தேடற பழக்கம் பதினாறு வயசு வரைக்கும் வளந்துக்கிட்டே போகுது.

சும்மாஇருப்பவன்:
5/9 = 55.5%. தாமிரபரணி ஐயா புண்ணியத்துல தம்பிக்கு அஞ்சரை சதவீதம் ஏறிடுச்சு. வாழ்த்துகள்!

தாமிரபரணி:
கிண்டல் வேண்டாம். சதவீதம் போட்டதே அபத்தம். பெரியவங்களுக்கே அஞ்சு, ஆறுலதான் நிக்கும். மொத்தத்தையும் வரிசையா தொடறவனத் தேடித்தான் பிடிக்கணும். பதினொரு வயசுல அஞ்சு ஒரு குறையே இல்ல. ஆனா இப்ப பேச்சு அது இல்ல. ஒன்பதா பத்தாங்கறதுதான் பேச்சு.

உளவியல்மூணாம்வருஷம்:
பேச்சு அதுதான்னு யார் முடிவு பண்ணது? 1998லயே பெர்ச், கிரிகோரியன், ஹுஹா மூணு பேரும் இதைப் புலம்பி ஒரு கட்டுரை எழுதிட்டாங்க. கட்டை எண்ணிக்கை, வச்ச இடம், தொடுற வேகம் எல்லாம் ஆளாளுக்கு வேற.

கரிசல்காடு:
பாத்தீங்களா, பத்தும் உண்டு!

தாமிரபரணி:
பாத்தீங்களா, இதனாலதான் மூலத்தைப் பிடிக்கணும்கறேன். ஒன்பது!

ரெண்டுபசங்கஅம்மா:
நேத்து ராத்திரி வீட்டுல டப்பா மூடி ஒன்பதைக் கவுத்துவச்சு சின்னவனுக்கும் பண்ணிப் பாத்தேன். எட்டு வயசு. அவனும் அஞ்சு தொட்டான்! என்னடான்னு பாத்தா, நான் தொடத் தொட வாய்க்குள்ள "ஆச்சி வீடு, பால் பூத், கோயில்"னு முணுமுணுத்துக்கிட்டே இருக்கான்.

உளவியல்மூணாம்வருஷம்:
சூப்பர்க்கா. அவன் இடத்தை ஞாபகம் வைக்கல, பேரை வைக்கறான். இந்தக் குறுக்குவழிய அடைக்கத்தான் ஆய்வுகள்ல "த த த த"ன்னு வாய் ஓயாம சொல்லிக்கிட்டே தொட வைப்பாங்க.

தாமிரபரணி:
ஒன்பது மூடி வச்சீங்க பாருங்க, அது சரி.

சதுரங்கச்சிங்கம்:
எதுக்கு இவ்வளவு? செஸ்ல சேத்துவிடுங்க. குகேஷ் 18 வயசுல உலக சாம்பியன், 2024ல, நம்ம சென்னைப் பையன். இட நினைவு தானா வரும்.

தாமிரபரணி:
வராது. 1973ல சேஸ், சைமன் ரெண்டு பேரும் பாத்தாச்சு. நிஜ ஆட்டத்துல வந்த நிலைன்னா வல்லவன் ஒரு பார்வையில அள்ளிடுவான். காயை இஷ்டத்துக்கு இறைச்சு வச்சா அவனும் நம்மள மாதிரிதான் தடுமாறுவான். செஸ் நினைவு செஸ்ஸுக்கு.

சதுரங்கச்சிங்கம்:
தமிழன் ஜெயிச்சா சிலருக்கு வயிறு எரியும்.

தாமிரபரணி:
நான் பாளையங்கோட்டைவே.

சும்மாஇருப்பவன்:
கியோட்டோ பல்கலைக்கழகத்துச் சிம்பன்சி அயுமு ஞாபகம் இருக்கா? 2007ல வந்த ஆய்வு. திரையில எண்கள் சிதறிக் கிடக்கும், முதல் எண்ணைத் தொட்டதும் மத்தது எல்லாம் வெள்ளைக் கட்டமா மாறிடும். அது பாட்டுக்கு வரிசையாத் தொட்டுட்டுப் போகும். அதுக்கும் பதினெட்டாயிரம் கேப்பாங்களா?

தாமிரபரணி:
அங்கயும் எண் ஒண்ணுலேர்ந்து ஒன்பது வரைக்கும்தான். குறிச்சுக்கோங்க.

கரிசல்காடு:
சிம்பன்சியும் உங்க கட்சின்னு இப்பத்தான் தெரியுது அண்ணாச்சி. போன மாசம் கடலைமிட்டாய்த் திரியிலயும் இதேதான். கோவில்பட்டிக்காரன் எது சொன்னாலும் மட்டம் தட்டணும்.

தாமிரபரணி:
கடலைமிட்டாய் அல்வா ஆகாதுன்னேன். இன்னிக்கும் சொல்றேன்.

மட்டுறுத்துனர்:
தின்பண்டப் பேச்சு வேண்டாம்.

கரிசல்காடு:
தேடி எடுத்துட்டேன். கிளினிக்ல அன்னிக்கு எடுத்த போட்டோ. மேசை மேல பலகை தெளிவாத் தெரியுது. எண்ணிப் பாருங்க.

தாமிரபரணி:
எண்ணிட்டேன். எட்டு.

கரிசல்காடு:
ரெண்டு என் முழங்கைக்குப் பின்னாடி இருக்கு!

தாமிரபரணி:
ஒண்ணுதான் இருக்கும்.

உளவியல்மூணாம்வருஷம்:
அக்கா, இவங்கள விடுங்க. மெல்பி-லெர்வாக், ஹியூம் 2013ல நிறைய ஆய்வுகளைச் சேத்துப் பாத்தாங்க. பயிற்சி குடுத்தா அந்த மாதிரி சோதனையில மட்டும் கொஞ்ச நாளைக்குத் தேறுது. கணக்குக்கோ வாசிப்புக்கோ அது போய்ச் சேரல.

கரிசல்காடு:
பாப்பா, மூணாம் வருஷத்துலயே எல்லாம் தெரிஞ்சுடுச்சா? பயிற்சியால தேறின பிள்ளைங்கள நான் கண்ணால பாத்திருக்கேன்.

தாமிரபரணி:
பத்துக் கட்டையவும் கண்ணாலதான் பாத்தீங்க.

ரெண்டுபசங்கஅம்மா:
நாளைக்குப் பீஸ் கட்டக் கடைசி நாளாம், போன் மேல போன். பெரியவன் "நான் மக்காம்மா?"ன்னு கேக்கறான். கட்டவா வேண்டாமா, ஒரு வார்த்தை சொல்லுங்க.

தாமிரபரணி:
நாளைக்குப் போறீங்கன்னா அந்தப் பலகையில எத்தனை கட்டைன்னு எண்ணிட்டு வந்து இங்க போடுங்கம்மா.

கரிசல்காடு:
முழங்கையை எடுத்துட்டு எண்ணச் சொல்லுங்க அண்ணாச்சி.