அடைக்கோழிக்குச் சளி, மருந்து எப்படிக் கொடுப்பது?

வணக்கம் நண்பர்களே. எங்கள் சிறுவிடைக் கோழி 11 முட்டைகளோடு அடையில் இருக்கிறது. இன்றோடு 14 நாள். முந்தாநாள் ராத்திரி கூடைப்பக்கம் கொர்கொரென்று சத்தம். பூனையோ என்று டார்ச் அடித்தால், கோழிதான் வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறது. மூக்கில் சளி, இடது கண்ணோரம் நுரை. எச்சம் அடைக்கோழி போடுகிற அதே பெரிய கட்டிதான். பச்சையாகக் கழியவில்லை, கழுத்தும் திருகவில்லை. அதனால் வெள்ளைக்கழிச்சலாக (ராணிக்கெட் நோய்) இருக்காது என்று நினைக்கிறேன்.

துளசி, தூதுவளை, மிளகு, சின்ன வெங்காயம் அரைத்து உருட்டிக் கொடுத்தேன். சத்தம் குறைந்தது, நிற்கவில்லை. கூடையில் ஈரமாகிக் கிடந்த வைக்கோலையும் மாற்றிவிட்டேன் (அந்த நாற்றமே பாதிக் காரணமோ என்னவோ).

மருந்துக்கடையில் டைலோசின் என்கிற ஆன்டிபயாடிக் பொடியைத் தண்ணீரில் கலந்து வைக்கச் சொல்கிறார்கள். சரி, ஆனால் அடைக்கோழி ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் கூடையை விட்டு இறங்குகிறது. நாலு வாய் குடித்துவிட்டு ஓடிப்போய் உட்கார்ந்துகொள்கிறது. அதில் எவ்வளவு மருந்து உள்ளே போகும்? சிரிஞ்சில் எடுத்து நேராக வாயில் விட்டவர்கள் இருந்தால், ஒன்றேகால் கிலோ கோழிக்கு அளவு சொல்லுங்கள். கால்நடை மருத்துவர் திங்கட்கிழமைதான் வருவாராம்.

அப்புறம் முட்டைகள். இந்தச் சளிக்குக் காரணம் மைக்கோபிளாஸ்மா கிருமி என்றால் முட்டை வழியாகவே குஞ்சுக்குப் போகும். இன்னொரு கோழியும் அடைக்கு உட்கார்ந்திருக்கிறது. அதற்கு மாற்றலாமா, அதற்கும் ஒட்டிக்கொள்ளுமா? இன்குபேட்டர் என்னிடம் இல்லை.