28 நாள் இருக்காம்! எந்த 28 நாள், வக்கீல் சாரே?

தக்கலைக்காரன்_லண்டன்:
நேத்து நம்ம ஜில்லா வாட்ஸாப் குழுவுல ஒரு வாய்ஸ் மெசேஜ் சுத்துச்சு. பேசுனது நாகர்கோவில் வக்கீல். "லண்டன்ல அகதி மனு தள்ளுபடி ஆகி, அப்பர் ட்ரிப்யூனலும் (அங்கத்த மேல் தீர்ப்பாயம்) அப்பீல் அனுமதி மறுத்தாலும் பதறாண்டாம். 28 நாள் இருக்கு. அப்பீல் கோர்ட்டு, அதுக்கும் மேல சுப்ரீம் கோர்ட்டு"ன்னு அளந்து விட்டாரு. அதை நம்பிக்கிட்டு ஒரு இலங்கை அகதி முகாம் பையனுக்க அம்மா கெடக்கு. எந்த 28 நாள் ஓய்? கீழ் ட்ரிப்யூனல்ல தோத்தா 14 நாளுக்குள்ள அங்கயே அனுமதி கேக்கணும். அங்க மறுத்தா அடுத்த 14 நாளுக்குள்ள அப்பர் ட்ரிப்யூனல். அதுவும் மறுத்தா அப்பீல் கோர்ட்டுக்கு வழி கெடையாது. கார்ட் வழக்கு 2011ல அங்கத்த சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தப்ப ஒரு ரிவ்யூ வழிய, அதாவது அந்த மறுப்பு சட்டப்படி சரியான்னு கோர்ட்டு பாக்குத வழிய, விட்டு வச்சிருந்தாங்க, 2022 ஜூலை 14ல அதையும் சட்டம் போட்டு அடைச்சாச்சு.

வக்கீல்_நாகர்கோவில்:
தம்பி, 28 நாள்னு விதியில இருக்கா இல்லியா? அதுக்கு மட்டும் பதில் சொல்லும். மிச்சக் கதை எனக்கு வேண்டாம்.

தக்கலைக்காரன்_லண்டன்:
இருக்கு. யாருக்கு இருக்கு? அப்பர் ட்ரிப்யூனல் அனுமதி குடுத்து, கேஸை முழுசா கேட்டு, பெறவு தள்ளுனவனுக்கு. அவனும் முதல்ல அப்பர் ட்ரிப்யூனல்கிட்டயே 12 வேலை நாளுக்குள்ள கேக்கணும், உத்தரவு இமெயில்ல வந்தா 10. அங்கயும் இல்லன்னா பெறவுதான் அப்பீல் கோர்ட்டுக்கு 28. வாசல்லயே நிறுத்துனவனுக்கு பந்தியில எல எண்ணிக் காட்டுதீரு.

வக்கீல்_நாகர்கோவில்:
பாத்தீங்களா மக்களே, 28 இருக்குன்னு அவரே ஒத்துக்கிட்டாரு.

முட்டம்_கடல்:
ஹஹா, வக்கீலய்யா ஜெயிச்சாச்சு, சோடா கொண்டு வாங்கலே.

வக்கீல்_நாகர்கோவில்:
இன்னொண்ணு. நம்ம அரசியல் சட்டம் 136ஆவது பிரிவுல எந்த உத்தரவா இருந்தாலும் டெல்லிக்கு தனி அனுமதி மனு போடலாம், ஹைகோர்ட் தீர்ப்புல இருந்து 90 நாள். நமக்கு சட்டம் படிச்சுக் குடுத்ததே வெள்ளைக்காரன். அவனுக்க ஊர்ல அது இருக்காதா?

தக்கலைக்காரன்_லண்டன்:
இருக்காது. அனுமதி மறுத்ததை எதிர்த்து மேல அப்பீல் கெடையாதுன்னு 1891லயே, லேன் எதிர் எஸ்டெய்ல் வழக்குல அப்ப அங்க உச்ச கோர்ட்டா இருந்த பிரபுக்கள் சபை சொல்லியாச்சு. உம்ம 136ஐ சுருட்டி வச்சுக்கிடும். அப்பீல் கோர்ட்டுக்குப் போறவனுக்கும் 'எனக்கு அநியாயம் நடந்துச்சு'ன்னா போதாது. முக்கியமான சட்டக் கொள்கை இருக்கணும், இல்லன்னா வேற வலுவான காரணம் இருக்கணும்.

வக்கீல்_நாகர்கோவில்:
அதே 2022 சட்டத்துல இயற்கை நீதியை அடிப்படையாவே மீறுனா ரிவ்யூ போகலாம்னு விலக்கு இருக்கே. அதை ஏன் முழுங்குனீரு? ஆபீஸ்ல ஃபைல் தூக்குதவரு அவ்வளவு தூரம் படிக்கல்ல போல.

தக்கலைக்காரன்_லண்டன்:
ஃபைல் தூக்குதவன்தான். அதான் நாளை எண்ணத் தெரியும். அந்த விலக்குக்கும் உம்ம 28க்கும் என்ன சம்பந்தம்? 28ஐ எடுத்து வையும்.

ஞாறான்விளை_பையன்:
அண்ணே, அந்தப் பையனுக்க அம்மா, அந்த அக்கா, அப்பர் ட்ரிப்யூனல் உத்தரவை போட்டோ பிடிச்சு எனக்கு அனுப்பிச்சு. ரெண்டே பக்கம். பையன் லண்டன்ல ஆர்ப்பாட்டத்துல கொடி பிடிச்சு நிக்கிய படத்தை புதுசா சேத்திருக்கான். நீதிபதி மூணாவது பத்தியில, கீழ் நீதிபதி செஞ்சதுல வாதாடுத அளவுக்கு சட்டப் பிழை இல்லைன்னு எழுதி முடிச்சுட்டாரு. படத்தைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. அது ஏன்?

தக்கலைக்காரன்_லண்டன்:
தம்பி, அனுமதி கேக்கியப்ப புது ஆதாரத்தைப் பாக்க மாட்டாங்க, பழைய தீர்ப்புல சட்டப் பிழை உண்டான்னு மட்டும்தான் பாப்பாங்க. படத்தை அங்கத்த குடியேற்ற விதி 353ஆவது பத்தியில புது மனுவா குடுக்கணும். அதுக்கும் ஒரு படம் பத்தாது. கேகே, ஆர்எஸ்னு ரெண்டு இலங்கைக்காரங்க வழக்குல 2021ல அப்பர் ட்ரிப்யூனல் சொன்னபடி, இலங்கை அரசு கண்ணுல அவன் முக்கியமான ஆளா தெரியணும். வக்கீல் சாரு இதைச் சொன்னாரா? 28னு மட்டும் சொன்னாரு.

மார்த்தாண்டம்_தேன்:
லண்டன்ல உக்காந்துக்கிட்டு ஊர்க்காரங்களை களியாக்காதீரும். அகதி ஒப்பந்தத்துல கையெழுத்தே போடாத நாடு நம்மது, ஆனாலும் 83ல இருந்து நாம சோறு போட்டோம்.

ஞாறான்விளை_பையன்:
எனக்க அப்பா 90ல வந்தாரு. நான் இங்கணதான் பிறந்தேன். இன்னும் குடியுரிமை இல்ல. சோத்துக்கணக்கு பேசாண்டாம் அண்ணே.

மார்த்தாண்டம்_தேன்:
நான் என்ன தப்பா சொல்லிட்டேன்? நல்லது சொன்னாலும் கொள்ளாதவனுவ.

வக்கீல்_நாகர்கோவில்:
விஷயத்தை மாத்தாதீங்க. நாள் தப்புனா தாமதத்தை மன்னிக்க மனு போடலாம், எந்த நாட்டுலயும் கோர்ட்டு கல் நெஞ்சு இல்ல. நான் சொன்னது சொன்னதுதான். 28.

தக்கலைக்காரன்_லண்டன்:
கேக்கலாம், காரணமும் காட்டணும். 'நாகர்கோவில் வக்கீல் சொன்னாரு'ன்னு காரணம் எழுதவா?

முட்டம்_கடல்:
தாமதம்னு சொன்னதும்தான் ஓர்மை வருது. எனக்க மாமனுக்க பாகப்பிரிவினைக் கேஸ்ல ஜில்லா கோர்ட்டுக்கு அப்பீல் போட 30 நாள். நீரு நகல் வரல்லன்னு சொல்லிச் சொல்லியே அந்த 30 நாளும் தாண்டிட்டு. தாமத மனுவுக்குன்னு வாங்குன ஃபீஸ் என்னாச்சு ஓய்?

வக்கீல்_நாகர்கோவில்:
அது மாமன் வக்காலத்துல கையெழுத்துப் போட வராததுனால வந்த வினை. பொதுவுல எழுதுதீரு, மானநஷ்டம் போடுவேன்.

முட்டம்_கடல்:
போடும் போடும். அதுக்காவது நாள் தப்பாம போடும்.

தக்கலைக்காரன்_லண்டன்:
28க்கு இன்னும் பதில் வரல்ல.

வக்கீல்_நாகர்கோவில்:
பதில் மேலயே கெடக்கு, நீரே எழுதுனது. முட்டத்துக்காரரே, மாமனை திங்கக்கிழமை ஆபீசுக்கு வரச் சொல்லும். பாக்கி ஃபீஸையும் கையோட கொண்டு வரச் சொல்லும்.