மீன்பாடி வண்டிக்கு ஹப் மோட்டார் போட்டேன், லோடோட பாலம் ஏற மாட்டேங்குது – உதவி

பேப்பர்கட்டு:
வணக்கம். சென்னை ஆண்டர்சன் தெருல இருந்து வேப்பேரி, புரசைவாக்கம் பிரஸ்ஸுங்களுக்கு பேப்பர் பண்டல் எடுத்துட்டு போற மீன்பாடி வண்டி நம்மளது, முன்னாடி ரெண்டு சக்கரமும் லோடு பலகையும், பின்னாடி ஒத்த சக்கரம், மிதிச்சு ஓட்டுறது. ஓட்டுறது மாமா, 58 வயசு, முட்டி வலில மிதிக்க முடியல, அதான் பின்சக்கரத்துல 48 வோல்ட் 1000 வாட்ஸ் ஹப் மோட்டார் (சக்கரத்து நடுவுலயே இருக்கறது) போட்டு, 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி நாலு சீரியஸ்ல குடுத்தேன். காலி வண்டி பறக்குது. 220 கிலோ ஏத்திட்டு யானைகவுனி பாலம் ஏறுனா பாதில ரெண்டு உதறு உதறி ஆஃப் ஆயிடுது, சாவிய ஆஃப் பண்ணி ஆன் பண்ணா பத்தடி போவுது, மறுபடி ஆஃப், பின்னாடி ஆட்டோக்காரங்க ஹாரன்லயே உயிர எடுக்கறாங்க. கடைல 30 ஆம்ப்ஸ் கன்ட்ரோலர் (மோட்டாருக்கு கரண்ட்ட அளந்து விடுற பெட்டி) பத்தாது, 60 போடுங்கறாங்க. போடலாமா?

வயர்மேன்:
வேணாம் ப்ரோ, அவசரப்படாதீங்க. லோடோட ஏறும்போது மல்டிமீட்டர்ல பேட்டரி முனைல எவ்ளோ, கன்ட்ரோலர் வாசல்ல எவ்ளோன்னு ரெண்டு இடத்துலயும் பாருங்க. 48 வோல்ட் கன்ட்ரோலர் பெரும்பாலும் 42 கிட்ட வந்தா தானா கட் ஆயிடும்.

பேப்பர்கட்டு:
பாத்தேன். பேட்டரில 46, கன்ட்ரோலர்ல 42. முறுக்கி டேப் சுத்துன ஒரு ஜாயிண்ட் தொட்டா சுடுது.

வயர்மேன்:
அதேதான். நாலு வோல்ட் வழிலயே போவுது, 30 ஆம்ப்ஸுக்கு 120 வாட்ஸ் ஒயர சூடாக்கவே செலவு. 6 ஸ்கொயர் மி.மீ ஒயர் போடுங்க, முனைல லக் (உலோக முனை) வெச்சு அழுத்தி கிரிம்ப் பண்ணுங்க, டேப் ஜாயிண்டே வேணாம்.

பேப்பர்கட்டு:
மாத்திட்டேன், கட் ஆவுறது நின்னுச்சு, நன்றி. ஆனா பாலத்துல ஆமை மாதிரி ஊருது, மேல போறதுக்குள்ள ஹப்புல கை வைக்க முடியல.

பட்டறைக்காரன்:
இது வாட்ஸ் பிரச்சனை இல்ல தம்பி. வண்டி, பேட்டரி, மாமா, லோடு எல்லாம் சேத்து 400 கிலோன்னு வைங்க, ஏத்தம் நூத்துக்கு அஞ்சுன்னு வைங்க, டயர் இழுவையும் சேத்தா தள்ள சுமார் 260 நியூட்டன் வேணும். மணிக்கு 10 கிமீல ஏற 720 வாட்ஸ் போதும், உங்ககிட்ட 1000 இருக்கு. ஆனா 28 இன்ச் சக்கரத்துல அது 90 நியூட்டன் மீட்டர் டார்க் (சக்கரத்த திருப்புற விசை), நேரடியா சுத்துற ஹப்பு அவ்ளோ மெதுவா சுத்தும்போது அத குடுக்க திணறி கரண்ட்டெல்லாம் சூடாத்தான் போவும். 60 ஆம்ப்ஸ் போட்டா கரண்ட் ரெண்டு மடங்கு, சூடு நாலு மடங்கு, மோட்டாருக்குள்ள சுத்துன வைண்டிங் கம்பி கருகிடும். பழைய மீன்பாடில ஸ்கூட்டர் இன்ஜின் மாட்டுனவங்க கியரோட மாட்டுனாங்க, ஃபர்ஸ்ட் கியர்ல ஏறுச்சு. நீங்க டாப் கியர்ல மட்டும் ஓடுற வண்டி செஞ்சு வெச்சிருக்கீங்க.

ஹப்புக்கு பதிலா 3000 ஆர்.பி.எம் பி.எல்.டி.சி (பிரஷ் இல்லாத) மோட்டார், ஆறுக்கு ஒண்ணு கியர்பாக்ஸ், அப்புறம் 9 பல், 44 பல் சக்கரத்துல செயின் போடுங்க. டார்க் மொத்தம் 29 மடங்கு. வேகம் 14 கிமீக்கு மேல போவாது, பாரிமுனை சந்துல அதுக்கு மேல எங்க போகப்போறீங்க?

இன்னொண்ணு, இதத்தான் யாரும் கேக்க மாட்டாங்க: பிரேக். மிதிச்சு 8 கிமீல போன வண்டி இப்ப இறக்கத்துல 20ல வருது, நிறுத்த வேண்டிய சக்தி ஆறு மடங்கு. லோடு முன்னாடி, பிரேக் பின்னாடி மட்டும்னா சக்கரம் நின்னாலும் வண்டி வழுக்கிட்டே போவும். முன் ரெண்டு சக்கரத்துக்கும் டிரம் போடுங்க, புதுப்பேட்டைல பழைய மொபெட் ஹப்பு கிடைக்கும்.

சட்டம்பேசி:
குறுக்க வரேன், 250 வாட்ஸுக்கு கீழயும் 25 கிமீக்கு கீழயும் இருந்தாதான் ரெஜிஸ்ட்ரேஷன் தேவையில்ல. 1000 வாட்ஸ்னா அது மோட்டார் வண்டி. இ-கார்ட்னு (பேட்டரில ஓடுற மூணு சக்கர சரக்கு வண்டி) ஒரு வகை ரூல்ல இருக்கு, 310 கிலோ சரக்கு வரைக்கும், ஆனா அந்த மாடலுக்கு அப்ரூவல் இருக்கணும். புடிச்சா வண்டிய தூக்கிட்டு போயிடுவாங்க, முழுசா செலவு பண்றதுக்கு முன்னாடி அந்த விலையும் விசாரிங்க.

பேப்பர்கட்டு:
மூணு வாரம் கழிச்சு வரேன். கியர் செட்டப் போட்டாச்சு, 220 கிலோவோட நிக்காம ஏறுது, மோட்டார் வெதுவெதுன்னுதான் இருக்கு. டிரம்மும் போட்டாச்சு. இ-கார்ட் விலைய கேட்டு மாமா பதிலே பேசல. இப்ப புதுசா ஒண்ணு: மழைல பின்சக்கரம் நின்ன இடத்துலயே சுத்துது.

பட்டறைக்காரன்:
பேட்டரி எங்க வெச்சிருக்கீங்க?

பேப்பர்கட்டு:
முன்னாடி பலகைக்கு கீழ.

பட்டறைக்காரன்:
40 கிலோவ தப்பான பக்கம் வெச்சிருக்கீங்களே தம்பி. சீட்டுக்கு கீழ பின்சக்கரத்து மேல கொண்டு வாங்க, த்ராட்டில மெதுவா திருப்ப சொல்லுங்க.

பேப்பர்கட்டு:
ஞாயித்துக்கிழமை மாத்திட்டு சொல்றேண்ணே.