ஃபெரிட்டின் நார்மல், ஆனால் ரத்தம் ஏறவே மாட்டேன் என்கிறது. எடைக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

கார்முகில்23 கேட்டது:
எனக்கு வயது 23, பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு) 33, அதாவது பருமன். எந்நேரமும் அசதி, இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, தலை வாரினால் சீப்பு நிறைய முடி. பரிசோதனையில் ஹீமோகுளோபின் 11.4, இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 46 என்று வந்தது. ஃபெரிட்டின் நார்மலாக இருப்பதால் இரும்புச்சத்துக் குறைவு கிடையாது, எடையைக் குறைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வீட்டிலோ "இவ்வளவு உடம்பு இருக்கு, உனக்கு எப்படி ரத்தம் குறையும்" என்கிறார்கள். போன வருஷம் தினம் இரண்டு வேளை இரும்பு மாத்திரை போட்டும் வயிறு கெட்டதுதான் மிச்சம். எடை அதிகம் உள்ள பெண்களுக்கு இப்படி ஆகுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆய்வகத்துஅக்கா:
ஆகும் தோழி, நன்றாகவே ஆகும். பருமனான இளவயதினருக்கு ரத்தத்தில் இரும்பு குறைவாக இருப்பது 1962-லேயே மருத்துவ இதழில் வந்துவிட்டது, ஏன் என்பதுதான் பிறகு மெல்லப் புரிந்தது. கொழுப்புத் திசு அதிகமாகும்போது உடம்புக்குள் லேசான அழற்சி ஓயாமல் ஓடிக்கொண்டே இருக்கும். காய்ச்சலோ வலியோ இருக்காது, அதனால் நமக்குத் தெரியவும் தெரியாது. அந்த அழற்சியில் சுரக்கும் இன்டர்லூகின்-6 போன்ற அழற்சிப் புரதங்கள் கல்லீரலைத் தூண்டி ஹெப்சிடின் என்ற ஹார்மோனை அதிகம் சுரக்க வைக்கும். இரும்பு குடல் செல்லிலிருந்து ரத்தத்துக்குள் வர ஃபெர்ரோபோர்டின் என்று ஒரே ஒரு வாசல்தான் உண்டு, ஹெப்சிடின் அதை அடைத்துவிடும். நீங்கள் சாப்பிட்ட இரும்பு குடல் செல்லிலேயே தங்கி, அந்தச் செல் சில நாளில் உதிரும்போது அதோடு வெளியே போய்விடும். உடம்பில் ஏற்கெனவே சேமித்து வைத்த இரும்பும் இதே காரணத்தால் வெளியே வராது.

அடுத்து ஃபெரிட்டின். அது இரும்புக் கையிருப்பைக் காட்டும் புரதம்தான், ஆனால் அழற்சி இருந்தால் கையிருப்பு குறைந்திருந்தாலும் தானாக ஏறிக்கொள்ளும். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இரண்டு எல்லை வைத்திருக்கிறார்கள்: ஆரோக்கியமானவர்களுக்கு 15-க்குக் கீழே போனால் குறைவு, அழற்சியோ தொற்றோ இருந்தால் 70-க்குக் கீழே இருந்தாலே குறைவு என்று சந்தேகிக்க வேண்டும். உங்கள் 46 எந்தப் பக்கம் விழும் என்று, அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. பார்க்காமல் சொல்லவே முடியாது. ரிப்போர்ட்டில் சி.ஆர்.பி., சீரம் அயர்ன் (ரத்தத்தில் ஓடும் இரும்பு), டி.ஐ.பி.சி. (ரத்தம் மொத்தம் எவ்வளவு இரும்பைச் சுமக்க முடியும் என்ற அளவு) இருக்கிறதா? அப்புறம் கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே என்றால் அது ரத்தசோகைதான், 11.4-ஐ சாதாரணமாகத் தள்ளிவிடாதீர்கள்.

வானவில்_எஸ்:
அக்கா சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்கிறேன், மாதவிடாய் எப்படி இருக்கிறது என்று யாராவது உங்களிடம் கேட்டார்களா? எனக்கு எடையும் இருந்தது, ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனையும் அளவுக்குப் போக்கும் இருந்தது, பெரிய பெரிய கட்டியாக வரும், இரவில் எழுந்து மாற்றியே ஆக வேண்டும். எல்லோருக்கும் இப்படித்தான் என்று நினைத்து அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உள்ளே வருவது குறைந்து வெளியே போவது கூடினால் எந்த உடம்பு தாங்கும்?

மாத்திரை விஷயத்தில், நீங்கள் தினம் இரண்டு வேளை போட்டதே காரணமாக இருக்கலாம். ஒரு மாத்திரை போட்டாலே அந்த இரும்புக்கு எதிர்வினையாக ஹெப்சிடின் ஏறி ஏறக்குறைய ஒரு நாள் வரை இருக்கும், அதனால் அடுத்த வேளை மாத்திரை சரியாக உறிஞ்சப்படாது. இரும்புக் கையிருப்பு குறைந்த இளம்பெண்களிடம் செய்த ஆய்வுகளில் ஒருநாள் விட்டு ஒருநாள் காலையில் ஒரே வேளையாகக் கொடுத்தபோது ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் கூடுதல் இரும்பு உள்ளே போனது. என் மருத்துவர் அப்படி மாற்றிக் கொடுத்த பிறகுதான் எனக்கு வயிற்றுப் புரட்டல் நின்றது. காபி, டீ, பால் எதையும் மாத்திரையோடு சேர்க்காதீர்கள். வைட்டமின் சி சேர்த்தால் நல்லதுதான், ஆனால் எடை அதிகமுள்ள பெண்களிடம் அதன் பலன் மற்றவர்களுக்குக் கிடைப்பதில் பாதிதான் என்று 2015-ல் ஒரு ஆய்வு வந்தது, அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம்.

மோகன்_கே:
அப்படியென்றால் எடையைக் குறைக்கச் சொன்னது சரிதானே? அழற்சி குறைந்தால் ஹெப்சிடினும் குறையும், இரும்பு தானாக ஏறும்.

ஆய்வகத்துஅக்கா:
சார், பாதி சரி. எடை குறைந்தால் ஹெப்சிடின் இறங்கி இரும்பு உறிஞ்சுதல் கூடுவதை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் எடை குறைய மாதக்கணக்கில் ஆகும், அதுவரைக்கும் மாடி ஏறவே மூச்சு வாங்கும் ஒரு பெண்ணை ஓடு, உடற்பயிற்சி செய் என்றால் எப்படிச் செய்வாள்? சாப்பாட்டைக் கண்டபடி குறைத்தால் உள்ளே போகும் இரும்பும் சேர்ந்து குறையும். பைபாஸ் வகை எடைக்குறைப்பு அறுவை சிகிச்சையில் இரும்பை அதிகம் உறிஞ்சும் சிறுகுடலின் முதல் பகுதியையே தாண்டிவிடுகிறார்கள், அதற்குப் பிறகு பலருக்குக் குறைவு இன்னும் மோசமாகிறது. இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். குண்டாக இருக்கிறாள், எல்லாத்துக்கும் எடைதான் காரணம் என்று சொல்லி இளம்பெண்களைத் திருப்பி அனுப்புவதைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

கார்முகில்23:
ரொம்ப நன்றி அக்கா. ரிப்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது: சி.ஆர்.பி. 9, சீரம் அயர்ன் 38, டி.ஐ.பி.சி. 380. மாதவிடாய் எனக்கும் 8 நாள் வரை போகும், யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நானே மாத்திரை வாங்கி ஆரம்பிக்கலாமா?

ஆய்வகத்துஅக்கா:
38-ஐ 380-ஆல் வகுத்தால் டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன், அதாவது இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பது, 10 சதவீதம். 20-க்கு மேல் இருக்க வேண்டியது. சி.ஆர்.பி.யும் 5-ஐத் தாண்டியிருக்கிறது. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் அந்த 46 நார்மல் என்று நான் நம்ப மாட்டேன்.

ஆனால் நீங்களாக ஆரம்பிக்க வேண்டாம். கொழுப்புக் கல்லீரலிலும் ஃபெரிட்டின் ஏறும், தலசீமியா (ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரைக் குறைபாடு) மரபு இருந்தாலும் ஹீமோகுளோபின் குறைவாகக் காட்டும், அதையெல்லாம் மருத்துவர்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். இந்த எண்களை ஒரு தாளில் எழுதி, 8 நாள் போக்கையும் தயங்காமல் சொல்லி, வேறொரு மருத்துவரிடமோ மகப்பேறு மருத்துவரிடமோ காட்டுங்கள். மாத்திரை தொடங்கினால் ஒரு மாதம் கழித்து ஹீமோகுளோபின் திரும்பப் பாருங்கள், கொஞ்சமும் அசையவில்லை என்றால் ரத்தக்குழாய் வழியாக இரும்பு ஏற்றலாமா என்று கேளுங்கள், அது குடலைத் தாண்டி நேராக ரத்தத்துக்குப் போகும். ஹீமோகுளோபின் ஏறினால் மாத்திரையை உடனே நிறுத்திவிடாதீர்கள், கையிருப்பு நிரம்ப இன்னும் 3 மாதமாவது தொடரச் சொல்வார்கள். காய்ச்சல் சளி இருக்கும்போது மட்டும் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்காதீர்கள், ஃபெரிட்டின் மறுபடியும் ஏறித்தான் காட்டும்.