மிச்ச மரத்துண்டில் குமிழ் செய்தால் இதழ் உடைகிறது, நட் பிதுங்குகிறது: ஜிக் எப்படி அமைப்பது?

மரத்தூள் (கேள்வி):

வணக்கம். பட்டறையில் நான் செய்து வைத்திருக்கும் ஜிக்குகளுக்கும் (ஒரே வேலையை ஒரே மாதிரி செய்ய உதவும் அமைப்புகள்) நகரும் தடுப்புகளுக்கும், கையால் திருகி இறுக்கும் குமிழ்கள் அடிக்கடி தேவைப்படுகின்றன. மூலையில் குவிந்து கிடக்கும் ஒட்டுப்பலகைத் துண்டுகளையும் கெட்டி மரத்துண்டுகளையும் பார்த்துக்கொண்டே குமிழை விலைகொடுத்து வாங்க மனம் ஒப்பவில்லை. ஆகவே சென்ற வாரம் எட்டுக் குமிழ்கள் செய்தேன். அவற்றில் தேறியவை இரண்டே.

முதலில் வட்டத்தை வெட்டிவிட்டு, பிறகு கவராயம் குத்திய புள்ளியைத் தேடி நடுத்துளை போட்டதால், துளை ஓரிரு மில்லிமீட்டர் விலகிவிட்டது. திருகும்போது குமிழ் கோணலாக ஆடுகிறது. விரல் பதிவதற்காக விளிம்பில் ஆறு பள்ளங்கள் எடுக்க முயன்றபோது பிட் வெளிப்பக்கமாக நழுவியது. பள்ளங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வோர் ஆழத்தில் அமைந்தன. கெட்டி மரத்தில் செய்தவற்றில், பள்ளங்களுக்கு இடையே துருத்தி நிற்கும் இதழ்கள் இரண்டு இறுக்கும்போதே முறிந்து கையோடு வந்தன. இவற்றையெல்லாம் என் கைக்குற்றம் என்று ஒப்புக்கொள்கிறேன். எனக்குப் புரியாதது வேறொன்று: அடிப்பக்கத்தில் அடித்து இறக்கிய டீ நட் (மரை உள்ள குழலும், மரத்தைக் கவ்வும் பற்கள் கொண்ட தட்டும் உடைய நட்), பற்கள் நன்றாகப் பதிந்திருந்தும், நான்கைந்து முறை இறுக்கிய பிறகு மரத்தை விட்டுப் பிதுங்கி வருகிறது.

என்னிடம் கடைசல் இயந்திரமோ பட்டை ரம்பமோ இல்லை. ஸ்டாண்டில் பொருத்திய ட்ரில், ஜிக் சா, டிஸ்க் சாண்டர், 20 மில்லிமீட்டர் ஃபோர்ஸ்ட்னர் பிட் (தட்டையான அடியுள்ள குழி எடுக்கும் பிட்) ஆகியவை இருக்கின்றன. 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள குமிழ்களை ஒரே மாதிரி வரிசையாகச் செய்ய எளிய ஜிக் ஒன்று சொல்ல முடியுமா?

பழைய உளி:

நட் பிதுங்குவதிலிருந்து தொடங்குகிறேன். ஏனெனில் அது கைத்திறன் சார்ந்த கோளாறன்று, நட் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறது என்பது சார்ந்தது. குமிழை இறுக்கும்போது அதன் அடிப்பக்கம் ஜிக்கின்மீது அழுந்தி நிற்க, போல்ட் நட்டைக் கீழ்நோக்கி இழுக்கிறது. நட்டின் தட்டு அடிப்பக்கத்தில் இருந்தால் அந்த இழுவையைத் தாங்கப் பற்களைத் தவிர வேறொன்றும் இல்லை. இறுக்க இறுக்க, குறடு கொண்டு ஆணியைப் பிடுங்குவது போல நீங்களே அதைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறீர்கள். தட்டை மேற்பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதே இழுவை அதை மரத்துக்குள் அழுத்தும், பற்களுக்கு நட் சுழலாமல் பிடித்துக்கொள்ளும் வேலை மட்டுமே மிஞ்சும்.

ஆகவே 80 மில்லிமீட்டர் சதுரக் கட்டையை எடுத்து, மேல்முகத்தில் மூலைவிட்டங்கள் வெட்டும் இடத்தில் டீ நட்டின் தட்டு அமரும் அகலத்துக்கு 8 மில்லிமீட்டர் ஆழக் குழி எடுங்கள். குழியின் நடுவில் ஃபோர்ஸ்ட்னர் பிட்டின் முனை ஒரு புள்ளியை விட்டுச் செல்லும். அதே புள்ளியில் நட்டின் குழல் நுழையும் அளவுக்கு ஊடுதுளை போடுங்கள். எம்8 (8 மில்லிமீட்டர் மரை) நட்டுக்குப் பெரும்பாலும் 10 மில்லிமீட்டர் சரியாக இருக்கும், ஆயினும் கையில் உள்ள நட்டை அளந்துகொள்வது நல்லது. குழி முதலில், ஊடுதுளை பிறகு என்ற இந்த வரிசையை மாற்றாதீர்கள்; ஊடுதுளை முந்திவிட்டால் பெரிய பிட்டின் முனைக்குப் பிடிமானம் இருக்காது, குழி எங்கேயாவது நகர்ந்துவிடும்.

இனி ஜிக். வட்டம் வெட்டியபின் பள்ளம் எடுப்பது என்பதே உங்கள் பிட் நழுவியதற்குக் காரணம், ஏனெனில் பிட்டின் பாதி காற்றில் நிற்கிறது. சதுரக் கட்டையிலேயே ஆறு முழுத் துளைகளைப் போட்டுவிட்டு, அதன் பிறகு வட்டத்தை வெட்டினால் துளைகளின் உட்பாதி தானாகப் பள்ளமாக நின்றுவிடும். இதற்கு 18 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகைத் துண்டு ஒன்றை ட்ரில் ஸ்டாண்டின் மேசையில் கிளாம்ப் போட்டு நிறுத்துங்கள். பிட்டை இறக்கிப் பலகையில் முனைக்குறி மட்டும் விழச் செய்யுங்கள். கவராயத்தை 30 மில்லிமீட்டருக்கு விரித்து, அந்தக் குறியிலிருந்து 30 தள்ளி அச்சாணிக்கு ஒரு புள்ளி குறியுங்கள். விரித்த கவராயத்தை மடக்காமல், முனைக்குறி, அச்சாணி ஆகிய இரண்டிலிருந்தும் 30 தொலைவில் மூன்றாவது புள்ளியைக் கண்டுபிடியுங்கள். மூன்றும் சேர்ந்து சமபக்க முக்கோணமாக அமையும். ஆறு பள்ளங்களுக்கு வேண்டிய 60 பாகை அதற்குள்ளேயே இருப்பதால் பாகைமானி தேவையில்லை.

பலகையைக் கழற்றி, மூன்றாவது புள்ளியில் அதே 20 பிட்டால் ஊடுதுளை போடுங்கள், இது முளைத்துளை. அச்சாணிப் புள்ளியில், பலகையின் அடியிலிருந்து எம்10 போல்ட் ஒன்றை, தலை பலகைக்குள் பதியும்படி ஏற்றுங்கள். பிறகு முனைக்குறி பிட்டுக்கு நேராக வரும்படி பலகையை மறுபடியும் மேசையில் கிளாம்ப் செய்யுங்கள். கட்டையை போல்ட்டில் மாட்டி, வாஷர் வைத்து நட்டால் இறுக்கி, முதல் துளையைப் போடுங்கள். நட்டைத் தளர்த்திக் கட்டையைச் சுழற்றி, போட்ட துளை முளைத்துளைக்கு மேலே வந்ததும் 20 மில்லிமீட்டர் உருளைக் கட்டை ஒன்றை முளையாக இரண்டின் வழியாகவும் செருகி, நட்டை இறுக்கி அடுத்த துளை. இப்படியே ஆறு முறை. வாஷர் 30 மில்லிமீட்டர் அகலத்தைத் தாண்டினால் பிட் அதில் உரசும் தூரத்துக்கு வந்துவிடும், கவனம். பலகையில் பிட்டுக்கு நேர்கீழே விழும் துளையும் அதே 20 அளவாக இருப்பதால், கட்டையின் அடிவிளிம்பு சிராய்த்துப் போகாமல் அது தாங்கிக்கொள்ளும். ஆனால் ஒவ்வொரு முறையும் மரச்சுருளைத் தூரிகையால் துடைத்துவிடாவிட்டால் கட்டை தூக்கி உட்காரும்.

வட்டத்துக்குத் தனியாக இன்னொரு பலகை வேண்டும். அதில் 10 மில்லிமீட்டர் கம்பி ஒன்றை நிறுத்தி, கம்பியின் மையம் சாண்டர் தகட்டிலிருந்து சரியாக 25 மில்லிமீட்டரில் நிற்கும்படி சாண்டர் மேசையில் கிளாம்ப் செய்யுங்கள். ஜிக் சாவால் கோட்டுக்கு வெளியே 2 மில்லிமீட்டர் விட்டு வெட்டிய கட்டையைக் கம்பியில் மாட்டி மெதுவாகச் சுழற்றினால், நடுத்துளையே வட்டத்தின் மையமாகிவிடும். தகடு கீழ்நோக்கி இறங்கும் பாதியில்தான் தேய்க்க வேண்டும். மேல்நோக்கி ஏறும் பாதி கட்டையைக் கையிலிருந்து பிடுங்கி எறியும்.

சீவல்:

மேலே சொன்ன அளவுகளோடு எனக்கு உடன்பாடு. பள்ளங்களின் எண்ணிக்கையில் மட்டும் இல்லை. 30 மில்லிமீட்டர் ஆரத்தில் 20 பிட்டால் துளைத்து 50 விட்டத்துக்கு வெட்டினால் பள்ளம் 5 மில்லிமீட்டர் ஆழம் இருக்கும். அப்போது ஆறு பள்ளக் குமிழில் ஓர் இதழின் விளிம்பு ஏறத்தாழ 10 மில்லிமீட்டர்தான் மிஞ்சுகிறது. ஐந்தாகக் குறைத்தால் அது 15க்கு மேல் போகிறது. பிடிக்கும் கைக்கு ஐந்தே போதுமானது, உடைவதும் வெகுவாகக் குறையும். சமபக்க முக்கோணத்தின் வசதி கைவிட்டுப் போகும் என்பது உண்மைதான், ஆனால் முளைத்துளையை அச்சாணியிலிருந்து 30, பிட்டின் முனைக்குறியிலிருந்து 35.3 மில்லிமீட்டர் என்று கவராயத்தால் குறித்தால் 72 பாகை கிடைத்துவிடும்.

இதழ் முறிவதற்கு மரத்தின் இழையோட்டம்தான் காரணம். ஒற்றைத் துண்டுக் கெட்டி மரத்தில் இழை ஒரே திசையில் ஓடுகிறது. அந்தத் திசையில் நீளும் இதழ்கள் உறுதியாக நிற்க, அதற்குக் குறுக்கே நிற்கும் இதழ்களில் இழை வேர்ப்பகுதியைக் கடக்காமல் அப்படியே வெட்டுப்பட்டுப் போகிறது. உடைந்த இரண்டு இதழ்களையும் எடுத்துப் பாருங்கள், பிளவு இழையோடு நேராகச் சென்றிருக்கும். 12 மில்லிமீட்டர் துண்டுகள் இரண்டை இழை ஒன்றுக்கொன்று குறுக்காக வரும்படி ஒட்டிக் கட்டை செய்தால் இந்தத் தொல்லை தீரும். ஒட்டுப்பலகையில் அந்தக் குறுக்கமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. உள்ளே வெற்றிடம் உள்ள மலிவுப் பலகையை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

முனைமழுங்கல்:

ஐயா, நான்கே குமிழ்கள் வேண்டுமென்றால் இவ்வளவு ஜிக் தேவையா என்று கேட்கத் தோன்றுகிறது. நான் இதழே வைப்பதில்லை. கட்டையின் நடுத்துளையில் 8 மில்லிமீட்டர் போல்ட்டை நுழைத்து இருபுறமும் நட்டும் வாஷரும் போட்டு இறுக்கி, போல்ட்டின் நுனியை ஸ்டாண்டில் கிடைமட்டமாக நிறுத்திய ட்ரில்லின் வாயில் பிடித்து, சுழலும் கட்டையை முதலில் மர அரத்தாலும் பிறகு உப்புத்தாளாலும் உருட்டிவிடுவேன். ஏழைக்கேற்ற கடைசல் இது. ட்ரில்லின் தாங்கிகளுக்குப் பக்கவாட்டு அழுத்தம் ஒத்துக்கொள்ளாது, ஆகவே அரத்தை அமுக்காமல் மேலோட்டமாகப் பிடிக்க வேண்டும்; கையுறையும் தொங்கும் சட்டைக்கையும் கூடவே கூடாது. இந்த முறை வட்டக் குமிழுக்கு மட்டுமே பொருந்தும். இதழ் வைத்த குமிழை ஒருமுறை இப்படிச் சுழற்றி உப்புத்தாள் பிடித்தேன். தாள் பறந்தது, நகமும் பாதி போயிற்று.

டீ நட் கிடைக்காதபோது அறுகோணத் தலை போல்ட்டையே குமிழுக்குள் புதைக்கலாம். எம்8 போல்ட்டின் தலை எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையே 13 மில்லிமீட்டர், மூலைக்கு மூலை 15. மேற்பக்கத்தில் 14 மில்லிமீட்டர் குழி எடுத்து அடித்து இறக்கினால் ஆறு மூலைகளும் மரத்தைக் கவ்விக்கொள்ளும், கொஞ்சம் எபாக்சி விட்டால் அசையாது. கெட்டி மரமென்றால் அடிப்பதற்கு முன் மூலைகள் வரும் இடத்தை உளியால் லேசாகக் கொத்திவிட வேண்டும், இல்லையேல் கட்டை பிளந்துகொள்ளும்.

மரத்தூள்:

அனைவருக்கும் நன்றி. பழைய உளி அவர்கள் சொன்ன ஜிக்கை நேற்றே அமைத்து, தட்டை மேற்பக்கத்தில் வைத்து ஒரு குமிழை இறுக்கிப் பார்த்தேன். இருபது முறைக்கு மேல் இறுக்கியும் நட் அசையவில்லை. ஆட்டமும் போய்விட்டது. ஆனால் புதிதாக ஒன்று முளைத்திருக்கிறது. முதல் ஐந்து துளைகளும் பார்வைக்கு ஒரே இடைவெளியில் இருக்க, ஆறாவது துளைக்கும் முதல் துளைக்கும் நடுவே உள்ள மரம் மட்டும் மற்றவற்றைவிட ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் ஒல்லியாக நிற்கிறது. முக்கோணத்தை மறுபடியும் அளந்தேன், அதில் பிழை இல்லை.

பழைய உளி:

உங்கள் முளையின் விட்டம் என்ன? ஒவ்வொரு நகர்த்தலிலும் ஒரு பாகை கூடினால், ஐந்து நகர்த்தலுக்கு ஐந்து பாகை சேர்ந்து, அத்தனையும் கடைசி இடைவெளியின் தலையில்தான் விழும். 30 மில்லிமீட்டர் ஆரத்தில் ஐந்து பாகை என்பது 2.6 மில்லிமீட்டர், நீங்கள் சொல்லும் குறைவோடு ஏறக்குறைய ஒத்துப்போகிறது. முக்கோணம் சரியென்றால் தளர்வு முளையில்தான் இருக்க வேண்டும்.

மரத்தூள்:

அளந்தேன், 19.4 மில்லிமீட்டர். துடைப்பக் கம்பிலிருந்து அறுத்தெடுத்தது.

பழைய உளி:

அதுவேதான். முளையின்மீது மெல்லிய டேப்பைச் சுற்றி, துளையில் கையால் அழுத்தினால் மட்டும் நுழையும் அளவுக்குக் கொண்டுவாருங்கள். அதன் பிறகும் மிஞ்சும் சிறு தளர்வு ஒரே பக்கம் சேராமல் இருக்க, நட்டை இறுக்குவதற்கு முன் கட்டையை முளைக்கு எதிராக ஒருமுறை வலமாகவும் ஒருமுறை இடமாகவும் அசைத்து, நடுவில் நிறுத்தி இறுக்கலாம். முதல் சுற்றை எப்போதும் எதற்கும் உதவாத துண்டிலேயே செய்து பாருங்கள். கடைசி இடைவெளி ஒன்றே முழுக் கணக்கையும் சொல்லிவிடும்.

பள்ளங்களின் உட்புறத்தை மெருகேற்ற, 18 மில்லிமீட்டர் உருளைக் கட்டையில் 80 எண் உப்புத்தாளைச் சுற்றித் தேய்த்து, பிறகு 120, 180 என்று போனால் போதும். விளிம்பை வளைக்க இவ்வளவு சிறிய துண்டை ரூட்டரில் (சுழலும் பிட்டால் விளிம்பைச் செதுக்கும் இயந்திரம்) கையால் பிடிக்க வேண்டாம். அரமும் உப்புத்தாளும் கால் மணி நேரம் கூடுதலாக வாங்கும், விரல் பத்தும் மிஞ்சும்.

சீவல்:

ஒரு சிறு குறிப்பு. டீ நட்டைச் சுத்தியலால் அடித்து இறக்கினால் அது சாய்ந்து இறங்கும், பற்களுக்கு அருகே ஒட்டுப்பலகையின் மேலடுக்கும் பெயரும். கட்டையின் அடிப்பக்கத்திலிருந்து நீண்ட எம்8 போல்ட்டைப் பெரிய வாஷரோடு நுழைத்து நட்டில் கோத்து, ஸ்பேனரால் மெதுவாகத் திருகி இழுத்தால் தட்டு நேராக உள்ளே வந்து அமரும். மேற்குழியை மரவில்லையால் மூடி ஒட்டுவதற்கு முன் நட்டின் வாயில் ஒரு துண்டு டேப்பை ஒட்டிவிடுங்கள். பசை மரைக்குள் இறங்கிக் காய்ந்துவிட்டால் அதைச் சுரண்டி எடுப்பதைவிட வேறொரு குமிழ் செய்வது விரைவாக முடியும்.