128 பாட்டை 320 ஆக்கினால் கண்ணாடி மாதிரி கேட்குமாம்!

பெகுக்காரன்:
நேற்று நம் சவுண்டு சாமி அண்ணன் இங்கே எழுதியது: "பழைய 128 எம்பி3 பாட்டெல்லாம் என்னிடம் கொடுங்கள், 320 ஆக்கித் தருகிறேன், சவுண்டு கண்ணாடி மாதிரி இருக்கும்." படித்ததிலிருந்து காலை மோஹிங்கா மீன் நூடுல்ஸ்கூட தொண்டையில் இறங்கவில்லை. 128 என்றால் ஒரு நொடிப் பாட்டுக்கு 128 கிலோபிட் இடம். அந்த அளவுக்கு எம்பி3 பைலாகச் சுருக்கும்போதே, காது கவனிக்காது என்று கணக்குப் போட்டு நிறைய ஒலியை வெட்டி எறிந்தாயிற்று. எறிந்தது எறிந்ததுதான். 320 ஆக்கினால் அது எந்த வழியாகத் திரும்பி வரும்?

சவுண்டு சாமி:
தம்பி, 25 வருஷமாகக் கோயில் திருவிழாவுக்கு ஸ்பீக்கர் கட்டுகிறவன் நான். புத்தகம் படித்துப் பேசவில்லை. 5 நிமிஷப் பாட்டு 128-இல் 5 எம்பிக்கு, அதாவது மெகாபைட்டுக்கு, கொஞ்சம் குறைவு. நான் மாற்றினால் 12 எம்பி. அந்த 7 எம்பி எங்கிருந்து வந்தது? அதற்கு மட்டும் பதில் சொல்.

பெகுக்காரன்:
ஒரு வீசை மீனை இரண்டரை வீசைக் கூடையில் போட்டால் மீன் கொழுத்துவிடுமா அண்ணே? கூடைதான் பெரிசு.

மோல்மீன் மச்சான்:
எந்த ஊர் வீசை? நம் பர்மா வீசை 1.6 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். தமிழ்நாட்டுப் பழைய வீசை 1.4 கிலோதான். உவமை சொன்னாலும் அளந்து சொல்லணும்.

பெகுக்காரன்:
இப்போது மீன் விற்கவா வந்தோம்?

மோல்மீன் மச்சான்:
நீதானே கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தாய்.

தட்டோன் தங்கச்சி:
சாமி அண்ணா, நீங்கள் மாற்றிக் கொடுத்த நாதஸ்வரப் பைல் ஒன்று என் அப்பாவின் மெமரி கார்டில் இருந்தது. பழைய 128 பைலும் இருந்தது. இரண்டையும் ஆடாசிட்டி என்கிற ஒலி எடிட்டரில் திறந்து, எந்த உயரச் சத்தம் எவ்வளவு என்று படமாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராம் பார்த்தேன். 128-இல் 16,000 ஹெர்ட்ஸுக்கு மேலே, அதாவது மிகக் கீச்சான சத்தம் இருக்க வேண்டிய இடத்தில், கத்தரித்த மாதிரி வெறுமை. உங்கள் 320-இலும் அதே இடத்தில் அதே வெறுமை. இன்னொரு விஷயம், உங்கள் பைலில் சத்தம் கூடுதலாக இருக்கிறது. உங்கள் கன்வர்ட்டரில், சத்தத்தை ஏற்றிவிடுகிற நார்மலைஸ் டிக் ஆகியிருக்கும். சத்தம் கொஞ்சம் ஏறினாலே காது அதைத் தெளிவு என்று நினைத்துக்கொள்ளும். இரண்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்து, எது எது என்று தெரியாமல் யாரையாவது போடச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள்.

சவுண்டு சாமி:
பாட்டைக் கண்ணால் பார்க்கிற காலம் வந்துவிட்டது, நல்லது. தங்கச்சி, வெறுமை என்கிறாயே, வெறுமைக்கு 7 எம்பி கனமா?

தட்டோன் தங்கச்சி:
320 என்றால் நொடிக்கு 320 கிலோபிட். ஒன்றுமே பாடாத மௌனத்தை 5 நிமிஷம் அப்படிப் பதிந்தாலும் அதே 12 எம்பிதான் வரும். ஏற்கெனவே அடிவாங்கிய ஒலியை அந்த இடத்தில் மிகக் கவனமாக எழுதிவைக்கிறது, அவ்வளவுதான். அதுவும் மறுபடி ஒரு சுருக்கல். இன்னும் கொஞ்சம் போகுமே தவிர வராது.

சவுண்டு சாமி:
மௌனத்தைக் கேட்க என் கடைக்கு யாரும் வருவதில்லை அம்மா.

மோல்மீன் மச்சான்:
எம்பி3-யே பழசு. காப்புரிமை உரிமம் கொடுப்பதை, அதை உருவாக்கியவர்களில் ஒன்றான ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் நிறுவனம் 2017-லேயே நிறுத்திவிட்டது. செத்த பார்மட்டுக்கு ஏன் ஒப்பாரி? எல்லாவற்றையும் எம்பி3-க்குப் பின் வந்த ஏஏசி பார்மட் ஆக்குங்கள்.

பெகுக்காரன்:
காப்புரிமை முடிந்தால் செத்ததாக அர்த்தமா? இனிமேல் யாருக்கும் காசு கட்ட வேண்டாம் என்று அர்த்தம். எம்பி3-யை ஏஏசி ஆக்கினாலும் அதே நஷ்டம்தான். எங்கள் வீட்டு யூஎஸ்பி ஸ்பீக்கர் பெட்டி எம்பி3 தவிர எதையும் தொடாது. நீ வந்து பாடுவாயா?

சவுண்டு சாமி:
பார்த்தீர்களா, ஆளுக்கு ஒரு பேச்சு. என் கேள்விக்குப் பதில் இல்லை. 54 வயசு, இந்தக் காதுக்குத் தெரியும், 320-இல் தாளம் தனியாக, சலங்கை தனியாகக் கேட்கிறது.

பெகுக்காரன்:
54 வயசில் 16,000 ஹெர்ட்ஸ் பெரும்பாலானவர்களுக்குக் கேட்காது அண்ணே. வயசானால் முதலில் போவது அந்த மேல் சத்தம்தான்.

சவுண்டு சாமி:
அப்படியா? கேட்காத சத்தம் வெட்டுப்பட்டதற்குத்தான் நீயும் அந்தப் பெண்ணும் காலையிலிருந்து அழுகிறீர்களா? சபாஷ்!

தட்டோன் தங்கச்சி:
வெட்டுப்பட்டது அது மட்டும் இல்லை. தவில் உரக்க விழும்போது பக்கத்தில் மெதுவாக ஒலிப்பதையும் குறைத்துவிடுவார்கள். 16,000 கண்ணுக்குத் தெரிகிற அடையாளம், அதனால் சொன்னேன்.

சவுண்டு சாமி:
முதலில் 16,000 என்றாய், இப்போது தவில் என்கிறாய். நாளைக்கு மிருதங்கம் வரும்.

பெகுக்காரன்:
தவிலைப் பற்றி நீங்கள் பேசலாமா? போன தீமிதிக்கு மைக் கீச்சிட்டு, பூசாரியே காதைப் பொத்திக்கொண்டாரே, அதை 320 ஆக்கியிருக்கலாமே?

சவுண்டு சாமி:
அன்றைக்கு ஜெனரேட்டர் தகராறு. வயர் கொடுத்தது யார்? உன் சித்தப்பா. என்னைப் பேச வைக்காதே.

பெகுக்காரன்:
சித்தப்பாவை ஏன் இழுக்கிறீர்கள்?

சவுண்டு சாமி:
நீ பூசாரியை இழுத்தாய். கரண்ட் போகப்போகிறது, மீதியை ராத்திரி எழுதுகிறேன். அதுவரை 7 எம்பியை நினைத்துக்கொண்டிரு.

டேப்ரிக்கார்டர் தாத்தா:
பிள்ளைகளே, அந்த நாதஸ்வரம் நான் கேசட்டில் பிடித்தது. சாதாரண கேசட், அந்த 16,000 ஹெர்ட்ஸ் உயரத்தில் அதில் இருந்ததே பாதி இரைச்சல்தான். தெளிவு வேண்டுமானால் கேசட்டிலிருந்து மறுபடி எடுங்கள். முதலில் சுருக்காத வேவ் பைல், இடம் போதாவிட்டால் சுருக்கிய ஃபிளாக் பைல், அதில் எதுவும் வெட்டுப்படாது. கேட்பதற்கு அதிலிருந்து எம்பி3 ஒரே ஒருமுறை. ஒரே ஒரு சிக்கல். கேசட்டை சாமிதான் வாங்கிக்கொண்டு போனான், 6 வருஷம் ஆகிறது.

தட்டோன் தங்கச்சி:
அண்ணா? கேசட் உங்களிடமா இருக்கிறது?

மோல்மீன் மச்சான்:
ஆகா!

சவுண்டு சாமி:
கரண்ட் வந்துவிட்டது. தாத்தா, கேசட் எங்கும் போகாது, பரணில் பத்திரமாக இருக்கிறது, அதை அப்புறம் பார்க்கலாம். தம்பி பெகுக்காரன், இவ்வளவு பேர் வந்து போனீர்களே, அந்த 7 எம்பி எங்கிருந்து வந்தது?

மோல்மீன் மச்சான்:
வீசைக் கணக்கில் சொன்னால் எவ்வளவு?