காலி ஸ்டாண்டும் கோடி டாலரும்: நாஸ்கார் ரேஸை நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

கான்கார்ட்வாசி:

வட கரோலினாவின் சார்லட் பக்கம் வேலைக்கு வந்து குடியேறிய நம்மவர்கள் நிறையப் பேர் இங்கே இருக்கிறோம். டென்னிஸ் பந்து கிரிக்கெட் லீக் நடத்துகிறோம், பொங்கல் விழாவுக்குப் பள்ளிக்கூட அரங்கம் பிடிக்கிறோம். ஆனால் பக்கத்திலேயே இருக்கும் நாஸ்கார் (அமெரிக்காவின் கார் பந்தயத் தொடர்) ரேஸ் ட்ராக்குக்குள் கால் வைத்தவர்கள் குறைவு. 'வெள்ளைக்காரப் பெருசுகள் பீர் குடித்துக்கொண்டே வட்டம் சுற்றுவதைப் பார்க்கும் இடம்' என்று ஒதுக்கிவிடுகிறோம். போனவர்கள் பார்த்ததை எழுதுங்கள். முதலில் நான்.

2025 மே மாதம் கோகோ-கோலா 600 ரேஸ் பார்க்கப் போனேன். ஒன்றரை மைல் ஓவல் (முட்டை வடிவ ட்ராக்), 400 சுற்று, மொத்தம் 600 மைல். சாயங்காலம் வெயிலில் தொடங்கி இரவு விளக்கு வெளிச்சத்தில் முடியும். முதல் சில வரிசைகளில் உட்கார்ந்தால் தேய்ந்த டயரின் கறுப்புத் துணுக்குகள் வேலியைத் தாண்டி வந்து விழும். சிப்ஸ் பாக்கெட்டை மூடி வைத்துக்கொண்டுதான் சாப்பிட வேண்டும். சத்தம் காதில் கேட்பது பாதி, நெஞ்சுக்கூட்டில் அதிர்வது பாதி.

பக்கத்து இருக்கையில் எழுபதைத் தாண்டிய ஒருவர். டிரைவர்கள் பேசுவதைக் கேட்கும் ஸ்கேனர் வைத்திருந்தார், ஹெட்செட்டைக் கொஞ்ச நேரம் எனக்குக் கொடுத்தார். கூரைமேல் நின்று டிரைவருக்கு ரேடியோவில் வழி சொல்லும் ஸ்பாட்டர், பக்கவாட்டில் யார் வருகிறார்கள், எப்போது வழி விட்டது என்று மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறார். அதைக் கேட்ட பிறகுதான் இது வெறும் வட்டம் சுற்றுவது இல்லை என்று புரிந்தது. ரேஸ் கொஞ்சம் ஆறிய நேரத்தில் அவர் எதிர்ப்பக்கத்தைக் கை காட்டினார். அங்கே வெறும் புல்மேடு. முன்பு அந்தப் பக்கம் முழுக்க ஸ்டாண்ட் இருந்ததாம். 90களில் டிக்கெட்டுக்கு அடிதடியாம், இருக்கையைப் பிள்ளைகளுக்கு எழுதி வைப்பார்களாம். "காலியா இருந்தா டிவில அசிங்கம்னு பிடுங்கிட்டாங்க" என்று சிரித்தார்.

சார்லட்டில் மட்டும்தான் இப்படி என்று இல்லை. ஃப்ளோரிடாவின் டேட்டோனா ட்ராக்கை 40 கோடி டாலர் செலவழித்து 2016இல் புதுப்பித்தபோது இருக்கைகளை ஒரு லட்சத்து 47 ஆயிரத்திலிருந்து ஒரு லட்சத்துச் சொச்சமாகக் குறைத்தார்கள். கூட்டத்துக்குத் தகுந்த மாதிரி ஸ்டாண்டை வெட்டினார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

ஓவல்பைத்தியம்:

அண்ணா, அன்று ஜெயித்தது யார் என்று எழுதாமல் விட்டுவிட்டீர்களே! ராஸ் சாஸ்டெய்ன். முந்தின நாள் பயிற்சியில் வண்டி நொறுங்கி, ராத்திரியோடு ராத்திரியாக மாற்று வண்டி தயார் செய்து, 40ஆவது இடத்தில், அதாவது கடைசியில் கிளம்பி, கடைசிச் சில சுற்றில் வில்லியம் பைரனைத் தாண்டினார். பைரன் அன்று 283 சுற்று முன்னணியில் இருந்தவர், பாவம். சாஸ்டெய்ன் குடும்பம் ஃப்ளோரிடாவில் தர்பூசணி விவசாயம் செய்கிறது. ஜெயித்தால் வண்டிமேல் ஏறி நின்று ஒரு தர்பூசணியைத் தூக்கித் தரையில் போட்டு உடைப்பார். ஆயுத பூஜைக்கு லாரி முன்னால் பூசணிக்காய் உடைக்கிற மாதிரியேதான், குங்குமம்தான் இல்லை. என் பையன் அந்த ஒரு காட்சிக்காகவே ரசிகனாகிவிட்டான்.

எக்ஸெல் அக்கா:

நான் ட்ராக்குக்குப் போவதற்கு முன்பே இதை எக்ஸெல்லில் பார்த்தவள். நாஸ்காரில் ஒரு காருக்கு ஸ்பான்சராக இருந்த ஒரு பெரிய கம்பெனியின் மார்க்கெட்டிங் பிரிவில் இருந்தேன் (பெயர் வேண்டாம்). டிவியில் நம் லோகோ எத்தனை நொடி தெரிந்தது, அதே நொடிக்கு விளம்பரம் வாங்கினால் எவ்வளவு ஆகியிருக்கும் என்று வாராவாரம் கணக்குப் போடுவோம். பார்க்கிறவர்கள் குறையக் குறைய அந்த எண் இறங்கிக்கொண்டே வந்தது. ஒரு நாள் மீட்டிங் போட்டு ஸ்பான்சர்ஷிப்பையும் எங்கள் டீமையும் சேர்த்தே மூடினார்கள்.

இந்த விளையாட்டின் உயிர்நாடியே ஸ்பான்சர்தான். கிரிக்கெட் மாதிரி வாசல் வசூலில் அணி பிழைக்க முடியாது. டிக்கெட் காசு ட்ராக் முதலாளிக்குப் போகிறது, அணிக்கு வராது. 90களிலும் 2000களிலும் ஒரே கம்பெனி சீசன் முழுக்கக் காரைத் தாங்கும். டிரைவர் ஜெஃப் கார்டன் என்றால் டூபான்ட் வானவில் நிறம், ஜிம்மி ஜான்சன் என்றால் லோஸ் நீலம். பிறகு வரிசையாகக் கழன்றுகொண்டார்கள். ஹோம் டிப்போ 2014ஓடு, லோஸ் 2018ஓடு, எம் அண்ட் எம்ஸ் மிட்டாய்க்காரர்களான மார்ஸ் 2022ஓடு, ஃபெட்எக்ஸ் 2024ஓடு. மார்ட்டின் ட்ரூவெக்ஸ் ஜூனியரை வைத்து 2017இல் சாம்பியன் பட்டம் வாங்கிய ஃபர்னிச்சர் ரோ அணியை, பெரிய ஸ்பான்சர் விலகியதும் அடுத்த ஆண்டு முடிவில் இழுத்து மூடினார்கள். பட்டம் வாங்கி ஓர் ஆண்டில் கடை மூடுவது என்றால் தொழில் எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஒரே காருக்கு நான்கைந்து ஸ்பான்சர்கள் ஆளுக்குச் சில ரேஸ் எடுக்கிறார்கள். அதனால் வாராவாரம் காரின் நிறம் மாறுகிறது. ஸ்டாண்டிலிருந்து பார்ப்பவருக்கு நம் ஆள் எந்த வண்டி என்று கண்டுபிடிப்பதே வேலை. குழந்தைக்குப் பொம்மைக் கார் வாங்கினால் அடுத்த வாரம் அந்த நிறத்தில் கார் ஓடாது. இதை எந்த எக்ஸெல்லும் காட்டாது, ஆனால் ரசிகர் கழன்றுபோனதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் கட்சி.

கலிஃபோர்னியாக்காரன்:

சரி, மேற்குக் கரையிலிருந்து ஒன்று. 2023 பிப்ரவரியில் ஃபான்டானா ஆட்டோ கிளப் ஸ்பீட்வேயில் கடைசி ரேஸ். பழைய கைசர் எஃகு ஆலை இருந்த நிலத்தில் 1997இல் திறந்த இரண்டு மைல் ஓவல். அந்த வாரம் தெற்குக் கலிஃபோர்னியாவுக்கே வராத குளிர், பின்னால் மலை முழுக்கப் பனி. கைல் புஷ் ஜெயித்தார். நாங்கள் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு கடைசி வரை இருந்தோம்.

கூட்டம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ட்ராக்கைச் சுற்றி நான்கு பக்கமும் என்ன என்று பார்த்தால் கிடங்குகள். லாங் பீச் துறைமுகத்தில் இறங்கும் சரக்கெல்லாம் வந்து நிற்கும் பகுதி அது. வருடத்துக்கு ஒரு வாரக் கடைசி மட்டும் நாஸ்கார் ஓடும் நிலத்துக்கு, 365 நாளும் லாரி ஓடும் கிடங்கு கொடுக்கும் விலையை யாராலும் கொடுக்க முடியாது. பெரும்பகுதி நிலத்தை 50 கோடி டாலருக்கு மேல் விற்றார்கள். மீதி இடத்தில் சின்ன ட்ராக் கட்டுவதாகச் சொன்னார்கள். இன்னும் காணோம். இந்த விஷயத்தில் ரசிகனைக் குறை சொல்ல ஒன்றுமே இல்லை.

கோவைக்காரன்:

யாரும் நரேனைச் சொல்லவில்லையே! 2010இல் நம்ம கோயமுத்தூர் நரேன் கார்த்திகேயன் நாஸ்கார் ட்ரக் சீரிஸில் (பிக்கப் ட்ரக் ரேஸ்) ஓட்டினார். வர்ஜீனியாவில் மார்ட்டின்ஸ்வில்தான் முதல் ரேஸ், 13ஆவதாக வந்தார். அப்போது நான் ராலேயில் படித்துக்கொண்டிருந்தேன், நண்பர்கள் ஒரு காரில் அடைத்துக்கொண்டு போனோம். அரை மைல் ட்ராக், பேப்பர் கிளிப் மாதிரி இரண்டு நேர்க்கோடு, இரண்டு இறுக்கமான வளைவு. ஃபார்முலா ஒன் ஓட்டிய மனிதர் அந்த நெரிசலில் பிக்கப் ட்ரக்கை வைத்துக்கொண்டு இடிபடாமல் திரும்பியதே பெரிய விஷயம். எங்கள் வரிசையில் இருந்த உள்ளூர்க்காரர் 'கார்த்திகேயன்' என்று சொல்ல முயன்று, முடியாமல், கடைசியில் "60ஆம் நம்பர்" என்று முடித்துக்கொண்டார். அங்கே சிவப்புச் சாயம் போட்ட ஹாட் டாக் பிரபலம். சைவக்காரனான எனக்கு வெறும் பன்னும் கோல்ஸ்லாவும்.

அந்த ஆண்டு ட்ரக் சீரிஸின் மக்கள் அபிமான டிரைவர் விருது நரேனுக்குத்தான். ரசிகர்கள் ஓட்டுப் போட்டுக் கொடுப்பது. இந்தியாவிலிருந்து ஓட்டு எப்படிக் குவிந்திருக்கும் என்று சொல்லவே வேண்டாம். அதை வைத்து ஒரு புதுச் சந்தையைப் பிடிக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை, அந்த ஒரு சீசனோடு முடிந்தது. அடுத்த ஆண்டு அவர் ஃபார்முலா ஒன்னுக்கே திரும்பிவிட்டார்.

அப்டவுன்காரன்:

பணம் எங்கே போகிறது என்பதை நேரில் பார்க்க வேண்டும் என்றால் 2025 டிசம்பரில் சார்லட் நீதிமன்ற வாசலுக்கு வந்திருக்க வேண்டும். என் ஆபீஸ் அந்தப் பக்கம்தான். மதியச் சாப்பாட்டுக்கு வெளியே வந்தால் கேமரா கூட்டம். கூடைப்பந்து நட்சத்திரம் மைக்கேல் ஜோர்டான் சாட்சி சொல்ல வந்திருக்கிறார் என்று பார்க்கிங் காவலாளி முதற்கொண்டு எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எனக்குக் கிடைத்த தரிசனம் ஒரு கறுப்பு எஸ்யூவியின் கதவு மட்டும்.

வழக்கு இதுதான். 2016 முதல் 'சார்ட்டர்' என்று 36 இடங்கள். சார்ட்டர் இருந்தால் ஒவ்வொரு ரேஸிலும் கார் ஓடுவது உறுதி, வருமானத்திலும் பங்கு. 2024இல் புது ஒப்பந்தத்தை நீட்டி, கையெழுத்துப் போடு இல்லாவிட்டால் இடம் போகும் என்ற மாதிரி நெருக்கினார்கள். 13 அணிகள் போட்டன. ஜோர்டானும் டிரைவர் டென்னி ஹாம்லினும் நடத்தும் 23எக்ஸ்ஐ அணியும், ஃப்ரன்ட் ரோ அணியும் மறுத்துவிட்டு ஏகபோகத் தடைச் சட்டத்தில் வழக்குப் போட்டன. ஒரு காரைச் சீசன் முழுக்க ஓட்ட 2 கோடி டாலர் ஆகிறது என்று ஹாம்லின் சாட்சி சொன்னார். புது ஒப்பந்தத்தில் ஒரு காருக்குக் கிடைப்பது சுமார் ஒன்றேகால் கோடி. மீதிக்குத்தான் எக்ஸெல் அக்கா சொன்ன ஸ்பான்சர் வேட்டை.

இன்னொரு பக்கம் பாருங்கள். டிவி ஒப்பந்தம் 2025 முதல் ஏழு ஆண்டுக்கு 770 கோடி டாலர். பழைய ஒப்பந்தத்தில் டிவி பணத்தில் 65 சதவீதம் ட்ராக்குகளுக்கு, 25 அணிகளுக்கு, 10 நாஸ்காருக்கு. நாஸ்காருக்கு வெறும் 10தானா என்று பரிதாபப்பட வேண்டாம். 1948இல் பில் ஃப்ரான்ஸ் தொடங்கியதிலிருந்து நாஸ்கார் அந்தக் குடும்பத்தின் சொத்து. டேட்டோனா, டல்லடேகா உட்படப் பல ட்ராக்குகளும் அதே குடும்பத்தின் பிடியில். விதி எழுதுபவர், மைதானம் வைத்திருப்பவர், சம்பளம் நிர்ணயிப்பவர் மூவரும் ஒரே வீட்டில் சாப்பிடுகிறார்கள். விசாரணையின் நடுவே சமரசமாகிவிட்டது, சார்ட்டர்களை நிரந்தரமாக்க ஒத்துக்கொண்டார்கள். அணிகள் கேட்டது விசாரணை தொடங்கிய ஒன்பதாம் நாளில் கிடைத்தது.

ஓவல்பைத்தியம்:

பார்வையாளர் குறைகிறார்கள் என்கிறோம். சீசனின் பெரிய ரேஸான டேட்டோனா 500ஐ 2006இல் டிவியில் பார்த்தவர்கள் 1 கோடியே 90 லட்சத்துக்கு மேல், 2025இல் 67 லட்சம் சொச்சம். அப்புறம் எப்படி டிவிக்காரர்கள் ஆண்டுக்கு 110 கோடி கொட்டுகிறார்கள்? புரியவில்லை.

எக்ஸெல் அக்கா:

தம்பி, சீரியலைப் பிறகு பார்த்துக்கொள்வார்கள், ரேஸை நேரலையில்தான் பார்ப்பார்கள். விளம்பரத்தை ஓட்டிவிட முடியாது. மற்ற நிகழ்ச்சிகள் இதைவிட வேகமாகச் சரிந்துவிட்டதால் இந்த 67 லட்சமே இப்போது பெரிய எண். எனக்கு உறுத்துவது வேறு. டிவி பணம் வருகிற வரைக்கும் ஸ்டாண்டில் ஆள் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்ற நிலை வந்துவிட்டது. ஸ்கேனர் வைத்திருந்த அந்தத் தாத்தா மாதிரி ஆட்களைத் திரும்பக் கூப்பிட யாருக்கும் அவசரம் இல்லை.

கான்கார்ட்வாசி:

அக்கா சொன்னது சரி. எதிர்வீட்டுக்காரர் ஒருவர், ஓய்வுபெற்ற மெக்கானிக். நட்சத்திர டிரைவர் டேல் எர்ன்ஹார்ட் 2001 டேட்டோனா 500இன் கடைசிச் சுற்றில் மோதி இறந்த அன்று இரவு சாப்பிடவில்லை என்பார். அப்படிப்பட்டவர் ஒரு நாள் ரிமோட்டோடு எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். ரேஸைக் காணோமாம். ஒரே சீசனுக்கு இத்தனை சேனல்: பிப்ரவரியில் ஃபாக்ஸ், நடுநடுவே எஃப்எஸ்1, மே கடைசியிலிருந்து ஐந்து ரேஸ் அமேசான் பிரைம், அப்புறம் ஐந்து டிஎன்டி, அதற்குப் பிறகு யூஎஸ்ஏ, என்பிசி. நான் போய் பிரைம் போட்டுக் கொடுத்தேன். படம் நன்றாக இருக்கிறது, விளம்பரமும் குறைவு என்று ஒத்துக்கொண்டார். "மாசம் எவ்வளவு?" என்று கேட்டார். சொன்னேன். அந்த ஐந்து முடிந்ததும் ரத்து செய்யச் சொல்லிவிட்டார்.

டிக்கெட் பற்றித் தனி மெசேஜில் கேட்டவர்களுக்கு: டிக்கெட்டைவிட ஹோட்டல்தான் கடிக்கும். ரேஸ் வாரக் கடைசியில் மூன்று இரவு கட்டாயம் என்பார்கள், வாடகையும் எகிறும். உள்ளூரில் நண்பர் வீடு இருந்தால் தங்கிக்கொள்ளுங்கள். சாப்பாட்டை வீட்டிலிருந்தே சின்னக் கூலர் பையில் எடுத்துப் போகலாம், அனுமதி உண்டு. நாங்கள் புளியோதரை கொண்டுபோனோம், பின்வரிசை வரை வாசம் போய் இரண்டு பேர் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். குழந்தைகளுக்குக் காதுக் கவசம் மறக்காதீர்கள். மேல் வரிசையில் எடுத்தால் முழு ட்ராக்கும் தெரியும், சிப்ஸில் ரப்பரும் விழாது.